பூனைக்கு அட்ரீனல் கட்டி: ஆபரேஷன் செய்யலாமா?

சென்ற இதழில் பூனைகளின் ரத்த அழுத்தம் பற்றி எழுதும்போது, சிறுநீரகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அட்ரீனல் என்ற ஹார்மோன் சுரப்பியில் கட்டி வந்தாலும் பிரஷர் ஏறும் என்று போகிற போக்கில் சொல்லியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான். அதனால் இந்த முறை வேறு எதுவும் இல்லை, இது மட்டும்தான்.

கேள்வி: என் பெட்டைப் பூனை சிட்டுவுக்கு 13 வயது. சில மாதங்களாகத் தலையைத் தூக்க முடியாமல் தாடையை மார்போடு ஒட்டி வைத்துக்கொண்டு உட்காருகிறாள். ஜன்னல் திண்டுக்குத் தாவுவதையும் விட்டுவிட்டாள். கிட்னிக் கோளாறு என்று மருந்து கொடுத்துவந்தோம், பொட்டாசியமும் கொடுத்தோம், ஏறவே இல்லை. இப்போது ஸ்கேனில் இடது அட்ரீனலில் 2 சென்டிமீட்டர் கட்டி தெரிகிறதாம். எடுத்துவிடலாம் என்கிறார் டாக்டர். இந்த வயதில் தாங்குவாளா?

பதில்: வயதை வைத்து முடிவெடுக்காதீர்கள். இந்தக் கட்டி வருவதே பெரும்பாலும் வயதான பூனைகளுக்குத்தான், ஆகவே ஆபரேஷன் செய்துகொள்பவையும் அந்த வயதுப் பூனைகள்தான்.

நீங்கள் சொல்லும் அந்தத் தலை தொங்கல் பொட்டாசியம் குறைந்த பூனையின் அடையாளம். நாய்க்கெல்லாம் பின்கழுத்தில் தலையைத் தாங்கிப் பிடிக்க ஒரு தடித்த நாண் உண்டு, பூனைக்கு அது இல்லை, வெறும் தசையைத்தான் நம்பியிருக்கிறது. தசை சோர்ந்தால் தலை விழுந்துவிடும். பின்னங்கால் குதிகாலைத் தரையில் பதித்து நடப்பதும் தாவாமல் இருப்பதும் அதே கதைதான். அட்ரீனலின் வெளிப்பகுதியில் வரும் கட்டி ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோனை அளவில்லாமல் சுரக்கும்போது, உப்பு உடம்பிலேயே தங்கிவிடும், பொட்டாசியம் சிறுநீரோடு போய்விடும், பிரஷரும் சேர்ந்து ஏறும். நீங்கள் வாய்வழியாகக் கொடுப்பதை அது பின்னாலேயே வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்போது எப்படி ஏறும்? கிட்னிக் கோளாறிலும் பொட்டாசியம் குறையும், பிரஷர் ஏறும் என்பதால்தான் இந்த நோய் வருடக்கணக்கில் கிட்னி என்ற பெயரிலேயே ஒளிந்துகொள்கிறது. போதாததற்கு, அளவு மீறிய ஆல்டோஸ்டீரோனே கிட்னியைக் கெடுக்கவும் கூடும். எவ்வளவு கொடுத்தும் பொட்டாசியம் தேறவில்லை, ஒரு மாத்திரைக்குப் பிரஷர் அடங்கவில்லை என்றால் வயிற்றை ஸ்கேன் செய்யும்போது அட்ரீனலையும் அளக்கச் சொல்லிக் கேளுங்கள், கேட்பதில் தவறே இல்லை. நல்ல நிலையில் உள்ள பூனையின் அட்ரீனல் 4 மில்லிமீட்டர் போலத்தான் தடிமன் இருக்கும், ஆகவே 2 சென்டிமீட்டர் என்பது தெளிவான கட்டிதான்.

தாங்குவாளா என்பதற்கு வருகிறேன். 2014ல் ஓர் ஆய்வு வெளியானது. ஆல்டோஸ்டீரோன் சுரக்கும் கட்டி எடுக்கப்பட்ட 10 பூனைகள். அதில் 8 பூனைகள் ஆஸ்பத்திரியிலிருந்து நலமாக வீடு திரும்பின, இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பூனைகள் தாண்டிய கணக்கு, 1297 நாள், சுமார் மூன்றரை வருடம். கட்டி சாதாரணமானதா புற்றா, இடமா வலமா என்பதெல்லாம் அந்தப் பூனைகளின் ஆயுளில் பெரிய வித்தியாசம் காட்டவில்லை. காட்டிய ஒரே விஷயம் மயக்கத்தில் கழிந்த நேரம், 4 மணி நேரத்தைத் தாண்டியவை சீக்கிரம் போய்விட்டன. பத்தே பூனைகள்தான், அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் 10ல் 2 போய்விட்டன என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன், இது சாதாரண ஆபரேஷன் இல்லை. 13 வயதுப் பூனைக்கு மூன்று வருடம் என்பது சின்ன விஷயமும் இல்லை. கட்டி ஒரு பக்கம் மட்டும் இருந்து, நெஞ்சுப் படத்திலும் ஈரலிலும் பரவல் இல்லை என்றால், என் ஓட்டு ஆபரேஷனுக்குத்தான். ஒரே நிபந்தனை, அவசரப்படக் கூடாது. பொட்டாசியத்தையும் பிரஷரையும் முதலில் சரிக்கட்டிவிட்டுத்தான் மேஜைக்குப் போக வேண்டும். பொட்டாசியம் குறைந்த பூனையை மயக்கினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், மூச்சுத் தசையும் தளர்ந்துவிடும். சில நாளோ சில வாரமோ மருந்தில் வைத்து ஆளைத் தேற்றுங்கள், கட்டி எங்கும் ஓடிப்போகாது.

கேள்வி: எங்கள் பூனைக்கு ஒரே நாளில் பார்வை போய்விட்டது. கருவிழி விரிந்து கறுப்பாகவே நிற்கிறது, சுவரில் முட்டிக்கொள்கிறது. பிரஷர் 220. அட்ரீனல் கட்டி என்று அப்புறம்தான் தெரிந்தது. கட்டியை எடுத்தால் பார்வை திரும்புமா?

பதில்: கட்டியை எடுக்கிற வரைக்கும் கண் காத்திருக்காது. பிரஷர் 160ஐத் தாண்டினாலே கண்ணுக்கும் மூளைக்கும் கிட்னிக்கும் ஆபத்து தொடங்குகிறது, 180க்கு மேல் மிக அதிகம். 220ல் விழித்திரை பின்னால் இருந்து கழன்று மிதக்கிறது என்று பொருள். பிரஷரை இறக்கும் அம்லோடிபின் மருந்தை இன்றைக்கே ஆரம்பித்திருப்பார்கள், பிரஷர் இறங்கினால் விழித்திரை மீண்டும் ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறதோ அவ்வளவுக்குப் பார்வை மிஞ்சும். பல நாள் கழன்றபடியே இருந்தால், ஒட்டிக்கொண்டாலும் பார்வை பெரிதாக வராது. ஆபரேஷன் அதற்கப்புறம் வருகிற விஷயம். அது இருக்கிற பார்வையைக் காப்பாற்றும், போனதைக் கொண்டுவராது. பார்வை இல்லாவிட்டாலும் வீட்டுப் பூனை மீசையையும் மூக்கையும் வைத்து அழகாகச் சமாளிக்கும், மேஜை நாற்காலியை மட்டும் இடம் மாற்றாதீர்கள்.

கேள்வி: எங்கள் கடுவனுக்குக் கட்டி வலது பக்கம். எங்கள் டாக்டர் வழக்கமாக எல்லா ஆபரேஷனும் செய்பவர், இதற்கு மட்டும் “நான் தொட மாட்டேன், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்” என்கிறார். அப்படி என்ன இருக்கிறது வலது பக்கத்தில்?

பதில்: உங்கள் டாக்டர் நல்லவர். அவரை விட்டுவிடாதீர்கள்.

வலது பக்கத்தில் இருப்பது பெருஞ்சிரை. உடம்பின் பின்பாதி ரத்தத்தையெல்லாம் இதயத்துக்குக் கொண்டுபோகும் அந்தச் சிரையின் சுவரோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது வலது அட்ரீனல். சுரப்பியின் உறை எங்கே முடிகிறது, சிரையின் சுவர் எங்கே தொடங்குகிறது என்று கண்ணால் பிரித்துச் சொல்வதே கஷ்டம். மேலே ஈரலின் ஒரு மடல் வேறு மூடிக்கொண்டிருக்கும். இடது பக்கம் கொஞ்சம் இடம் உண்டு, ஆனால் அங்கேயும் சிறுநீரகத்துக்குப் போகும் சிரையும் தமனியும் பக்கத்திலேயே ஓடுகின்றன, பெருந்தமனியும் தூரத்தில் இல்லை. இரண்டு பக்கத்திலும் சுரப்பியின் முகத்தின் மேலேயே ஒரு சிரை குறுக்கே போகும். அதை இரண்டு பக்கமும் கட்டிவிட்டுத்தான் சுரப்பியைத் தொடவே முடியும். சில கட்டிகள் இந்தச் சிரைக்குள் நுழைந்து, விரல் நீட்டுவதுபோல வளர்ந்து பெருஞ்சிரைக்குள்ளேயே எட்டிப்பார்க்கும். அப்படி இருந்தால் பெருஞ்சிரையைச் சில நிமிடம் இறுக்கிப் பிடித்து, திறந்து, உள்ளே உள்ளதை இழுத்தெடுத்துவிட்டுத் தைக்க வேண்டும். 4 கிலோ பூனையின் உடம்பில் இருப்பதே கால் லிட்டருக்குக் கொஞ்சம் கூடத்தான் ரத்தம். ஒரு சிரை நழுவினால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இதனால்தான் சிடி ஸ்கேன் கேட்பார்கள். சாதாரண ஸ்கேனில் கட்டி தெரியும், ஆனால் அது சிரைக்குள் போயிருக்கிறதா, எதிர்ப்பக்கச் சுரப்பி எப்படி இருக்கிறது, நுரையீரலில் ஏதாவது உண்டா என்பதை ஒரே மூச்சில் காட்டுவது சிடிதான். அதற்கும் மயக்கமோ ஆழ்ந்த அமைதி மருந்தோ தேவைப்படும் என்பது தனித் தொல்லை. இதைத் தவிர்க்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள், வலது பக்கக் கட்டிக்குத் தவிர்க்க வேண்டாம் என்பேன்.

அங்கே போனதும் பூனையின் ரத்த வகை பார்த்தாயிற்றா என்று ஒரு கேள்வி கேளுங்கள். பூனைகளில் ஏ, பி, ஏபி என்று வகை உண்டு. நாய்க்கு முதல் தடவை வகை பார்க்காமல் ரத்தம் ஏற்றிவிட்டுப் பல நேரம் தப்பித்துவிடலாம், பூனையில் அந்த விளையாட்டே கூடாது, பி வகைப் பூனைக்கு ஏ வகை ரத்தம் கொஞ்சம் போனாலே உயிருக்கு ஆபத்து. ரத்தம் தயாராக இருக்கிற இடத்தில், இந்த ஆபரேஷனைச் செய்து பழகிய கையிடம், ஆபரேஷன் முழுக்கப் பிரஷரையும் துடிப்பையும் பார்த்துக்கொண்டிருக்க ஒரு தனி மயக்க டாக்டர் இருக்கிற இடத்தில் செய்யுங்கள். வயிற்றைத் திறந்து செய்வதுதான் வழக்கம். சின்னக் கட்டியாக, சிரைக்குள் போகாததாக இருந்தால் சிறு துளைகள் வழியாக, கேமரா விட்டுச் செய்பவர்களும் இருக்கிறார்கள். துளையில் ஆரம்பித்து நடுவில் திறக்க நேர்ந்தால் அதைத் தோல்வி என்று நினைக்காதீர்கள்.

கேள்வி: எடுப்பதற்கு முன் ஊசியால் குத்தி, புற்றா இல்லையா என்று பார்த்துக்கொள்ளக் கூடாதா?

பதில்: பார்க்கலாம்தான், ஆனால் பலன் குறைவு. ஊசியில் வரும் நாலு செல்லை வைத்துச் சாதாரணக் கட்டியா புற்றா என்று உறுதியாகச் சொல்ல முடியாது, அதற்கு முழுக் கட்டியும் ஆய்வகத்துக்குப் போக வேண்டும். ரத்தம் கசியலாம். கட்டி அட்ரீனலின் உட்பகுதியில் வருகிற வகையாக இருந்தால் குத்தியவுடன் பிரஷர் எகிறலாம். ஹார்மோன் பரிசோதனைக்கு ஒரு சொட்டு ரத்தம் எடுப்பது இதைவிட எவ்வளவோ பயன்.

கேள்வி: எங்கள் பூனைக்குக் குட்டியிலேயே கருத்தடை செய்தாகிவிட்டது. இப்போது 11 வயதில் திடீரென்று சுவரெல்லாம் சிறுநீர் பீய்ச்சுகிறான், நாற்றம் தாங்கவில்லை, மற்ற பூனையை விரட்டிக் கடிக்கிறான். மனஅழுத்தம் என்று ஒருவர் சொன்னார். இதற்கும் அட்ரீனல் காரணமாகுமா?

பதில்: அபூர்வம், ஆனால் ஆகும். முதலில் சிறுநீர்ப்பையில் கல், புண், வீட்டில் புதுப் பூனை இதையெல்லாம் பார்த்துவிடுங்கள், பத்தில் ஒன்பது அங்கேயே முடிந்துவிடும். ஆனால் அந்த நாற்றம், கருத்தடை செய்யாத கடுவனின் அந்தக் காரமான நாற்றம், அதுதான் என்னை உறுத்துகிறது.

டாக்டரிடம் ஒரு காரியம் செய்யச் சொல்லுங்கள், செலவில்லாதது. ஆணுறுப்பை வெளியே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முழுக் கடுவனுக்கு அதன் மேல் பின்னோக்கிய சின்னச் சின்ன முட்கள் இருக்கும். ஆண் ஹார்மோன் இருந்தால்தான் அவை இருக்கும், கருத்தடை ஆன சில வாரங்களில் உதிர்ந்து வழுவழுப்பாகிவிடும். 11 வயதில் முள் திரும்ப முளைத்திருந்தால் உடம்பில் எங்கிருந்தோ டெஸ்டோஸ்டீரோன் வருகிறது என்று எழுதிக் கொடுத்துவிடலாம். ஒன்று, வயிற்றுக்குள்ளேயே தங்கிப்போன விரை. இரண்டு விரையையும் எடுத்தது நிச்சயம் என்றால், அட்ரீனல். ரத்தத்தில் ஹார்மோன் அளவும் ஸ்கேனும் மீதியைச் சொல்லும். ஒரு பக்கக் கட்டியாக இருந்து எடுத்துவிட்டால் நாற்றமும் சண்டையும் முள்ளும் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கும். பீய்ச்சுவது மட்டும் சில பூனைகளுக்குப் பழக்கமாகவே ஒட்டிக்கொள்ளும், அதற்கு நான் பொறுப்பில்லை.

கேள்வி: என் பூனைக்குச் சர்க்கரை நோய். இன்சுலினை ஏற்றிக்கொண்டே போகிறோம், கேட்கவில்லை. போன வாரம் தூக்கும்போது முதுகுத் தோல் காகிதம்போலக் கிழிந்துவிட்டது! கார்ட்டிசால் கட்டி என்கிறார்கள். ஆபரேஷன் புண் ஆறுமா?

பதில்: முதல் வேலையாக, இனி பிடரியைப் பிடித்துத் தூக்காதீர்கள், கீழே கை கொடுத்துத் தூக்குங்கள். வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள்.

கார்ட்டிசாலும் அட்ரீனல் சுரக்கும் ஒரு ஹார்மோன்தான். அது கூடிப்போன பூனைகளில் 5ல் 4 பூனைக்குக் காரணம், மூளையடியில் இருந்து அட்ரீனலைத் தூண்டும் பிட்யூட்டரி சுரப்பி, அட்ரீனலில் கட்டி இருப்பது மீதிப் பேருக்குத்தான். பிட்யூட்டரி காரணம் என்றால் இரண்டு அட்ரீனலும் சேர்ந்து வீங்கியிருக்கும். அட்ரீனல் கட்டி என்றால் ஒன்று பெரிதாகவும் மற்றது சுருங்கியும் இருக்கும். உங்கள் ஸ்கேன் அறிக்கையில் மற்ற பக்கத்து அளவு என்ன என்று பாருங்கள், அது அவ்வளவு முக்கியம். புரோஜெஸ்டிரோன் சுரக்கும் கட்டியும் இதேபோலத் தோலைக் கிழிய வைக்கும், சர்க்கரையைக் கெடுக்கும், ஆனால் கார்ட்டிசால் பரிசோதனையில் பிடிபடாமல் போகும். ஆகவே அறிகுறி இருந்து கார்ட்டிசால் சரியாக இருந்தால் அதையும் பார்க்கச் சொல்லலாம்.

புண் ஆறுமா என்ற உங்கள் பயம் நியாயம்தான். அதனால்தான் பல டாக்டர்கள் நேராகக் கத்தியை எடுப்பதில்லை. சில வாரம் டிரைலோஸ்டேன் கொடுத்து கார்ட்டிசாலை அடக்கி, தோல் கொஞ்சம் தேறியதும் செய்கிறார்கள். அதுவரை இருப்பதெல்லாம் காயம் பார்த்துக்கொள்வதுதான்.

ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு இடத்தில் கவனம். கட்டி வேலை செய்துகொண்டிருந்த காலமெல்லாம் மற்ற அட்ரீனல் சும்மா தூங்கியிருக்கும், கட்டி போனதும் அதனால் உடனே எழுந்து வேலை செய்ய முடியாது. ஆகவே ஆபரேஷன் அன்றே ஸ்டீராய்டு ஆரம்பித்து, வாரங்களோ மாதங்களோ மெல்ல மெல்லக் குறைப்பார்கள். மாத்திரையாகக் கொடுப்பது பிரெட்னிசலோனா என்று பாருங்கள், பிரெட்னிசோனைப் பூனையின் உடம்பு சரியாக மாற்றிக்கொள்ளாது. “நல்லாத்தானே இருக்கு” என்று நீங்களாக நிறுத்திவிட்டால் வாந்தி, சோர்வு, சரிந்து விழுதல் என்று போய்விடும். அடுத்தது இன்சுலின். கார்ட்டிசால் இறங்க இறங்க இன்சுலின் தேவையும் இறங்கும், பழைய அளவையே போட்டுக்கொண்டிருந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடும். வீட்டில் சர்க்கரை பார்க்கும் கருவி இல்லாமல் இந்த வாரங்களைக் கடக்க நினைக்காதீர்கள். சில பூனைகளுக்கு இன்சுலினே தேவையில்லாமல் போய்விடுவதும் உண்டு.

கேள்வி: இரண்டு பக்கமும் எடுத்துவிட்டால் பூனை வாழுமா?

பதில்: வாழும், ஆயுள் முழுக்க இரண்டு வகை ஹார்மோன் மருந்தோடு. ஒரு வேளை தவறினாலும் வம்பு. மாத்திரை என்றாலே கட்டிலுக்கடியில் ஓடுகிற பூனை என்றால் நன்றாக யோசியுங்கள்.

கேள்வி: வேறு எதற்கோ ஸ்கேன் எடுத்தபோது அட்ரீனலில் 8 மில்லிமீட்டர் வீக்கம் தெரிந்தது. பூனை ஜம்மென்று இருக்கிறது. எடுத்தே ஆக வேண்டுமா?

பதில்: ஜம்மென்று இருப்பதாகத் தெரிகிறது, அதை முதலில் சோதித்துவிடுங்கள். பொட்டாசியம், சர்க்கரை, பிரஷர் மூன்றும் பார்க்க வேண்டும். பிரஷரைப் பூனை கூடைக்குள்ளேயே பத்து நிமிடம் அமைதியாக இருந்த பிறகு, நாய் குரைக்காத அறையில், முதல் அளவைத் தள்ளிவிட்டு ஐந்தாறு தடவை எடுத்துச் சராசரி பார்க்கச் சொல்லுங்கள். பயந்த பூனைக்கு எல்லாமே உயரும். அப்புறம் ஆல்டோஸ்டீரோன். எல்லாம் சரியாக இருந்தால் கத்தி வேண்டாம், ஒன்றிரண்டு மாதத்தில் திரும்ப ஸ்கேன் எடுத்து வளர்கிறதா என்று பாருங்கள். வேகமாக வளர்ந்தாலோ சிரையை நெருங்கினாலோ அப்போது பேசிக்கொள்ளலாம். பிரஷர் மட்டும் ஒரு நேரம் ஏறி ஒரு நேரம் இறங்கி விளையாடினால் உட்பகுதிக் கட்டியைச் சந்தேகிக்க வேண்டும். பூனையில் அது மிக அபூர்வம், ஆனால் அது தெரியாமல் மேஜையில் கிடத்திக் கட்டியைத் தொட்டால் பிரஷர் விண்ணுக்குப் போகும். அதற்கென்று முன்கூட்டியே ஒன்றிரண்டு வாரம் கொடுக்கும் மருந்து இருக்கிறது.

கேள்வி: எங்கள் பூனைக்கு இதயக் கோளாறும் இருப்பதால் ஆபரேஷன் முடியாது என்றுவிட்டார்கள். அவ்வளவுதானா?

பதில்: அவ்வளவுதான் இல்லை. ஆல்டோஸ்டீரோன் கட்டி என்றால் அந்த ஹார்மோனின் வேலையைத் தடுக்கும் ஸ்பைரனோலாக்டோன், பொட்டாசியம், அம்லோடிபின் என்று மூன்றையும் வைத்துப் பல பூனைகளை மாதக்கணக்கில், சிலவற்றை வருடக்கணக்கில் நன்றாகவே ஓட்ட முடிகிறது. இரண்டு பக்கமும் வீங்கியிருக்கும் பூனைக்கும் இதே வழிதான். கட்டி வளர வளர மருந்தின் அளவு ஏறிக்கொண்டே போகும், ஒரு கட்டத்தில் பிடி நழுவும், அதுதான் இதன் குறை. ஸ்பைரனோலாக்டோன் தொடங்கிய பிறகு முகத்தில் அரிப்பும் புண்ணும் வந்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள், மெய்ன் கூன் இனப் பூனைகளில் அது பார்க்கப்பட்டிருக்கிறது.

கேள்வி: நாளை மறுநாள் எங்கள் பூனை ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வருகிறாள். எதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்?

பதில்: சாப்பிடுகிறாளா என்பதை. தையலைவிட அதுதான் பெரிது. பூனை மூன்று நான்கு நாள் சாப்பிடாமல் இருந்தால் ஈரலில் கொழுப்பு ஏறிக்கொள்ளும், குண்டுப் பூனைக்கு இன்னும் சீக்கிரம். கழுத்தில் உணவுக்குழாய்க்கு டியூப் வைத்து அனுப்பினார்கள் என்றால் பதறாதீர்கள், மருந்தும் அதிலேயே போகும், கடி வாங்க வேண்டியதில்லை.

இரண்டு வாரம் ஒரு சின்ன அறை, உயரத்தில் எதுவும் வேண்டாம், தாவவிடாதீர்கள். ஈறு வெளுத்தாலோ, வயிறு திடீரென்று உப்பினாலோ, மூச்சு வேகமானாலோ காலைவரை காத்திருக்க வேண்டாம், அப்போதே கிளம்புங்கள். பிரஷர் மாத்திரையைத் தொடரச் சொல்லியிருந்தால் அளந்து பார்க்காமல் நிறுத்தவும் வேண்டாம், அளக்காமல் வாரக்கணக்கில் தொடரவும் வேண்டாம், கட்டி போனபின் பிரஷர் தானாக இறங்கி மாத்திரையும் சேர்ந்தால் பூனை தள்ளாடும். பொட்டாசியத்துக்கும் அதே சட்டம்தான். முதல் வாரத்திலேயே ஒரு ரத்தப் பரிசோதனைக்கு நேரம் வாங்கிக்கொள்ளுங்கள், கட்டியின் ஆய்வக அறிக்கையும் அநேகமாக அதே சமயத்தில் வந்திருக்கும், இரண்டையும் வைத்துக்கொண்டு டாக்டரோடு உட்கார்ந்து பேசுங்கள்.